'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்' முடிந்தது: அடுத்து எதைப் பார்ப்பது, படிப்பது, கேட்பது?

முழுநிலா:

'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்' 12 எபிசோடும் பார்த்து முடித்துவிட்டேன். அமெரிக்காவின் அப்போலோ நிலாப் பயணங்களைப் பற்றி 1998-இல் எச்பிஓவில் வந்த தொடர் இன்றைக்கும் இப்படிப் பிடித்து உலுக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. முடிந்த கையோடு வேறு ஏதாவது போடலாம் என்று தேடினால், ஒன்று விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும் கதை, இல்லையென்றால் அண்டத்தின் பிரம்மாண்டத்தை மூச்சு விடாமல் வர்ணிக்கும் படம். எதிலும் மனசு ஒட்டவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தவை இரண்டு. 5-ஆவது எபிசோட் 'ஸ்பைடர்': நிலாவில் இறங்கும் கலமான லூனார் மாட்யூலை வெறும் காகிதத்திலிருந்து கட்டி எழுப்பும் என்ஜினியர்களின் கதை. 10-ஆவது 'கலிலியோ வாஸ் ரைட்': விமானம் ஓட்டிப் பழகிய ஆட்களுக்கு ஒரு நிலவியல் பேராசிரியர் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. ராக்கெட் கிளம்பும் காட்சிகளை விட இந்த இரண்டிலும்தான் எனக்குக் கண் கலங்கியது.

இதே தடத்தில் இன்னும் என்ன இருக்கிறது? கேட்பதற்கும் நிறைய வேண்டும். கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. ஆங்கிலம் படித்தால் நன்றாகப் புரியும், வேகமாகப் பேசினால்தான் தடுமாறுவேன்.

வால்வெள்ளி:

'அப்போலோ 13' (1995), 'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016), 'ஃபர்ஸ்ட் மேன்' (2018). மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். மனசு ஒட்டும், நான் பொறுப்பு.

திசைமானி:

முழுநிலா, உங்களுக்குப் பிடித்த இரண்டு எபிசோடிலும் நாயகர்கள் தரையில் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? நிலாவில் நடந்தவர்கள் 12 பேர். அவர்களை அனுப்பிவைக்க உழைத்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அந்த 4 லட்சத்தில் சிலரையாவது பேர் சொல்லிக் காட்டியதால்தான் இந்தத் தொடர் மற்ற அப்போலோ படங்களிலிருந்து தனியாக நிற்கிறது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: இன்னும் பெரிய ராக்கெட், இன்னும் தூரத்துக் கோள் என்று மேலே ஏறாமல் கொஞ்ச காலம் கீழேயே இருங்கள். வரைபட மேசை, தையல் கூடம், கட்டுப்பாட்டு அறை. ருசி அங்கேதான் இருக்கிறது.

பார்ப்பதற்கு முதலில் 'மூன் மெஷின்ஸ்', 2008-இல் வந்த ஆவணத்தொடர். ஆறே பகுதிகள்: சாட்டர்ன் 5 ராக்கெட், கமாண்ட் மாட்யூல், வழிகாட்டும் கணினி, லூனார் மாட்யூல், விண்வெளி உடை, ரோவர் வண்டி. செய்தவர்களே வயதான காலத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கணினிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். அந்தக் கணினியின் நிலையான நினைவகம் கையால் நெய்யப்பட்டது. சின்னச் சின்னக் காந்த வளையங்கள் வரிசையாக இருக்கும். கம்பி வளையத்துக்குள் நுழைந்து போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. இப்படி 36,864 சொற்கள் அளவுக்கான நிரலை ஆலையில் பெண்கள் ஊசியால் கோத்துக் கோத்து முடித்தார்கள். ஒரு கம்பி தடம் மாறினால் நிரலே பிழை. நெய்து முடித்த பிறகு புரோகிராமர் நினைத்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது, அதனால் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே நிரலைப் பூட்டிவிட வேண்டியிருந்தது. நிலாவில் இறங்க உதவிய மென்பொருளைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கலாம், அதற்கு எடை இருந்தது!

உடை பற்றிய பகுதியும் அப்படித்தான். தைத்துக் கொடுத்தது பிளேடெக்ஸ் உள்ளாடைகளைத் தயாரித்த இன்டர்நேஷனல் லேடெக்ஸ் நிறுவனத்தின் தையல்காரப் பெண்கள். 21 அடுக்குத் துணி. தையல் ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு விலகினாலே ஏற்கமாட்டார்கள். குண்டூசி எதுவும் உள்ளே தங்கிவிடக் கூடாதென்று உடையை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். இதில் மனசு தங்கிவிட்டால் நிக்கோலஸ் டி மோன்ஷோ எழுதிய 'ஸ்பேஸ்சூட்: ஃபேஷனிங் அப்போலோ' (2011) படியுங்கள். உடையின் 21 அடுக்குக்கு ஈடாகப் புத்தகத்தையும் 21 அத்தியாயமாக அமைத்திருக்கிறார்.

'ஸ்பைடர்' எபிசோடுக்கு நேரான புத்தகம் 'மூன் லேண்டர்' (2001). எழுதியவர் தாமஸ் கெல்லி. எபிசோடின் மையப் பாத்திரமே அவர்தான், கிரம்மன் நிறுவனத்தில் லூனார் மாட்யூலுக்குத் தலைமை என்ஜினியர். எடையைக் குறைக்க இருக்கைகளையே தூக்கி எறிந்தார்களே, அதன் பின்கதை முழுக்க இதில் உண்டு. இருக்கை போனதும் வீரர்கள் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். நின்றால் முகம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும். முகம் பக்கத்தில் வந்தால் ஜன்னல் சின்னதாக இருந்தாலே போதும். ஜன்னல் சிறுத்தால் கண்ணாடியின் எடையும் குறையும். ஒரே முடிவில் இத்தனை முடிச்சுகள் அவிழ்ந்தன. அப்புறமும் விடாமல் சுரண்டிச் சுரண்டி, அறையின் சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் வரை மெலிந்துபோனது.

ஈர்ப்பு:

திசைமானி சொல்வதை முழுசாக ஏற்கமாட்டேன். இயந்திரத்திலேயே ஆரம்பித்தால் சிலர் பாதியில் களைத்துவிடுவார்கள். முதலில் ஒரு மனிதக் குரல் வேண்டும். அதற்கு மைக்கேல் காலின்ஸ் எழுதிய 'கேரியிங் தி ஃபயர்' (1974) போல இன்னொன்று கிடையாது. விண்வெளி வீரர்கள் எழுதிய சுயசரிதைகள் பலவற்றில் கூட எழுதியவர் என்று இன்னொரு பெயர் இருக்கும். இது அவரே உட்கார்ந்து எழுதியது, படித்தாலே தெரியும்.

அப்போலோ 11-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கீழே இறங்கிய பிறகு காலின்ஸ் 'கொலம்பியா' என்ற தாய்க்கலத்தில் நிலாவைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் 48 நிமிஷம் நிலாவின் மறுபக்கம், ரேடியோ தொடர்பே கிடையாது. உலகமே அவரை மிகத் தனிமையான மனிதர் என்று பேசியது. அவரோ அந்த நேரம் தனக்கு நிறைவாக இருந்ததாக எழுதுகிறார். அவருக்கு இருந்த பயம் வேறு: கீழே இருக்கும் இருவரும் மேலே கிளம்ப முடியாமல் போய்விட்டால் தான் மட்டும் ஊர் திரும்ப வேண்டுமே என்பது. அவர்கள் தப்பான பாதையில் கிளம்பி வந்தால் எப்படித் தேடிப் பிடிப்பது என்று 18 வகையான வழிமுறைகளை ஒரு கையேட்டில் வைத்துக்கொண்டு சுற்றினார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

தொடருக்கு அடிப்படையான ஆண்ட்ரூ சைக்கினின் 'எ மேன் ஆன் தி மூன்' (1994) இதற்கு அடுத்தது. கனமான புத்தகம், ஆனால் எபிசோட் எபிசோடாக உங்களுக்குத் தெரிந்த கதை என்பதால் வழுக்கிக்கொண்டு போகும்.

முழுநிலா:

ஈர்ப்பு, காலின்ஸ் புத்தகம் முதலில் என்று முடிவாகிவிட்டது, நன்றி. திசைமானி அண்ணா, ஜன்னல் விஷயத்தைப் படித்துவிட்டு 'ஸ்பைடர்' எபிசோடை மறுபடி போட்டேன். அந்தக் காட்சியின் கனமே இப்போதுதான் தெரிகிறது.

கேட்பதற்கு?

செம்மண்கோள்:

பிபிசி வேர்ல்ட் சர்வீஸின் '13 மினிட்ஸ் டு தி மூன்' பாட்காஸ்ட். முதல் பருவம் 2019-இல் வந்தது, அப்போலோ 11. இரண்டாவது 2020, அப்போலோ 13. தொகுத்து வழங்குபவர் கெவின் ஃபாங் என்ற மருத்துவர், விண்வெளி மருத்துவம் தெரிந்தவர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார், உங்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. பின்னணி இசை ஹான்ஸ் ஜிம்மர்.

கடைசி இறக்கத்துக்கு ஆன ஏறத்தாழ 13 நிமிஷம், அதைப் புரிந்துகொள்ளத்தான் முதல் பருவம் முழுக்க. அந்த 13 நிமிஷத்தை வெட்டாமல் போடும் எபிசோட் வரும்போது ஒவ்வொரு குரலும் யாருடையது, எதற்குப் பதறுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வரிசை மாற்றாமல் கேளுங்கள்.

திசைமானி:

செம்மண்கோள் சொன்னதை வழிமொழிகிறேன். அதைக் கேட்டு முடித்த அன்றே அடுத்த படிக்கு வாருங்கள்: 'அப்போலோ இன் ரியல் டைம்' என்ற இணையதளம். பென் ஃபைஸ்ட் என்பவர் முன்னின்று உருவாக்கியது. அப்போலோ 11, 13, 17 மூன்றுக்கும் உண்டு, இலவசம். பயணத்தின் ஒவ்வொரு விநாடியும் அதே நேர ஓட்டத்தில் ஓடும். படம் இருந்தால் படம், புகைப்படம் எடுத்த கணத்தில் புகைப்படம், பேசியதன் எழுத்து வடிவம் பக்கத்திலேயே. வேகமான ஆங்கிலம் கஷ்டம் என்றீர்களே, கண் முன்னாலேயே எழுத்து ஓடுவதால் அந்தக் கவலை வேண்டாம்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது மிஷன் கண்ட்ரோல் ஒலிநாடாக்கள்தான். அப்போலோ 11-க்கு மட்டும் சுமார் 11,000 மணி நேரம். நாம் இத்தனை வருஷமும் கேட்டது வீரர்களும், தரையிலிருந்து அவர்களோடு பேசும் கேப்காமும் பேசிக்கொண்டதை மட்டும். இங்கே ஒவ்வொரு மேசையின் ஒலிவழியையும் தனித்தனியாகத் திறக்கலாம். கதையே புதிதாகக் கேட்கும்.

ஒரு உதாரணம். இறங்கும்போது கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டியது எல்லோருக்கும் தெரியும். தொடரின் 6-ஆவது எபிசோடிலும் வரும். வழிகாட்டல் மேசையில் இருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அவருக்குப் பின்னறையிலிருந்து விளக்கம் கொடுத்த ஜேக் கார்மனுக்கு 24. ஏவுதலுக்குச் சில நாட்கள் முன்னால் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கையைப் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே கொடுத்தார்கள். பேல்ஸ் இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார், அது தேவையில்லாத முடிவு. உடனே கட்டுப்பாட்டு அறையின் தலைவரான பயண இயக்குநர் ஜீன் கிரான்ஸ், இப்படி வரக்கூடிய எல்லா எச்சரிக்கைகளையும் அலசி வைக்கச் சொன்னார். கார்மன் கையால் ஒரு பட்டியல் எழுதிக் கண் முன்னால் வைத்துக்கொண்டார். எந்த எண் வந்தால் தொடரலாம், எந்த எண் வந்தால் திரும்ப வேண்டும் என்று. நிஜத்தில் 1202 வந்தபோது பதில் சில விநாடிகளில் போனது அந்தத் தாளால்தான்.

என்ன கோளாறு என்றால், மேலே காலின்ஸின் கலத்தைத் தேடும் ரேடார் தேவையில்லாமல் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கணினி 'வேலை அதிகமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் பார்க்கிறேன்' என்று சொன்னதுதான் அந்த எண். மார்கரெட் ஹாமில்டன் குழுவினரின் மென்பொருள் அப்படி முன்னுரிமை பார்த்து வேலையை உதறிவிட்டு மீண்டு எழும்படி எழுதப்பட்டிருந்தது.

முதலில் வீரர்களின் ஒலியைக் கேளுங்கள், 1202 என்றதும் கொஞ்சம் மௌனம், பிறகு அனுமதி. அப்புறம் அதே விநாடிகளை வழிகாட்டல் மேசையின் ஒலியில் திறந்து கேளுங்கள். அந்த மௌனத்துக்குள் இத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தார்களா என்று ஆகிவிடும்.

வால்வெள்ளி:

இதைப் படித்துவிட்டுப் போய்த் திறந்தேன். திசைமானி சொன்ன அந்த இடத்தைக் கேட்டேன். குரல்களில் எவ்வளவு இளமை! '1202' என்று சொல்லும் ஆர்ம்ஸ்ட்ராங்கை விட, பதில் சொல்லும் இந்த இளைஞர்களின் குரல்தான் காதில் நிற்கிறது.

'அப்போலோ 11' (2019) ஆவணப்படம் யாரும் சொல்லவில்லையே? டாட் டக்ளஸ் மில்லர் எடுத்தது. கதை சொல்லும் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த 65 மி.மீ. படச்சுருள்களைச் சுத்தம் செய்து போட்டிருக்கிறார்கள். ஏவுதளத்துக்கு ராக்கெட்டைச் சுமந்து நகரும் அந்த ராட்சத வண்டியின் சக்கரப் பட்டையும் பக்கத்தில் நடக்கும் மனிதர்களும் நேற்று எடுத்ததுபோலத் துல்லியம். கிடைக்கிற பெரிய திரையில் பாருங்கள்.

பண்ணிசை:

இசைப் பக்கம் நான் சொல்கிறேன். வால்வெள்ளி சொன்ன 'அப்போலோ 11' படத்துக்கு மேட் மார்ட்டன் இசையமைத்தபோது 1969-இல் புழக்கத்தில் இருந்த கருவிகளைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அந்தக் காலத்து மூக் சின்தசைசர் உறுமுவதை ஹெட்போனில் கேட்டால் வயிறு கலங்கும்.

இதற்கு நேர் எதிர் மனநிலை வேண்டுமென்றால் பிரையன் ஈனோவின் 'அப்போலோ: அட்மாஸ்பியர்ஸ் அண்ட் சவுண்ட்டிராக்ஸ்' (1983). டேனியல் லான்வா, ரோஜர் ஈனோ இருவரும் கூட. அல் ரெய்னர்ட்டின் 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' (1989) ஆவணப்படத்துக்காகச் செய்த இசை. பாதிக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும் ஆல்பத்தில் திடீரென்று ஸ்டீல் கிட்டார் வரும். வீரர்கள் கூடவே கொண்டுபோன கேசட்டுகளில் கன்ட்ரி இசை நிறைய இருந்ததால் அந்தக் கிட்டார். அந்தப் படத்தையும் பாருங்கள். எல்லா அப்போலோ பயணங்களின் காட்சிகளையும் கோத்து ஒரே பயணமாக்கியிருப்பார், பேசுவது யார் என்றுகூடத் திரையில் போடமாட்டார். வரலாறாகப் பார்த்தால் குழப்பும், ஒரு நீண்ட பாட்டாக நினைத்து அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் குழுவின் 'தி ரேஸ் ஃபார் ஸ்பேஸ்' (2015). பழைய ஒலிப்பதிவுகளை வைத்தே கட்டிய பாடல்கள். அதில் 'கோ!' என்ற பாட்டில் கிரான்ஸ் ஒவ்வொரு மேசையாகக் கேட்க, மேசைகள் 'கோ' சொல்வதே பல்லவி. திசைமானி சொன்ன ஒலிவழிகளைக் கேட்டுவிட்டு வந்தால் பாட்டில் வரும் மேசைகளைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

கடைசியாக ஒன்று, அப்போலோவைத் தாண்டி. தொலைதூரக் கோள்களைத் தாண்டிப் போகும் வாயேஜர் கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டின் இசை. 27 இசைத் துண்டுகள், சுமார் 90 நிமிஷம். அதில் கேசர்பாய் கேர்க்கர் பைரவியில் பாடிய 'ஜாத் கஹாங் ஹோ' இருக்கிறது. 'தனியாக எங்கே போகிறாய்' என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5. கேசர்பாய் மறைந்தது அதே மாதம் 16-ஆம் தேதி. அவர் குரல் இன்று விண்மீன்களுக்கு இடையில் இருக்கிறது. தட்டு உருவான கதை முழுவதும் 'மர்மர்ஸ் ஆஃப் எர்த்' (1978) என்ற புத்தகமாக, அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

முழுநிலா:

பண்ணிசை, பாட்டைக் கேட்டேன். இரண்டாவது முறையும் கேட்டேன். அந்தத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருப்பதாகப் படித்தேன், தமிழ் உண்டா?

பண்ணிசை:

இல்லை. தெலுங்கு, கன்னடம், சிங்களம், இந்தி, வங்காளம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒடியா, உருது, ராஜஸ்தானி எல்லாம் இருக்கின்றன. சுமேரியனும் அக்காடியனும்கூட இருக்கின்றன. தமிழ் இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். மிகக் குறைந்த அவகாசத்தில், கைக்கு எட்டிய பேச்சாளர்களை வைத்துப் பதிவு செய்தார்கள் என்பது காரணம்.

கேள்விக்கணை:

எல்லோரும் அமெரிக்கப் பக்கமே பேசுகிறீர்கள். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஓடுவதை மட்டும் பார்த்தால் அவர் ஏன் அவ்வளவு வேகமாக ஓடினார் என்பது புரியுமா? தொடரிலேயே பெரிய குறை அதுதான். சோவியத் தரப்பு வெறும் செய்தியாக வந்துவிட்டுப் போகும்.

அசிஃப் சித்திகியின் 'சேலஞ்ச் டு அப்போலோ' (2000) படியுங்கள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், ஆனால் நாசாவே வெளியிட்டதால் இணையத்தில் இலவசம். திசைமானி தேடும் 'தரையில் இருந்தவர்கள்' இங்கே இன்னும் ஆழம். ஸ்புட்னிக்கையும் ககாரினையும் அனுப்பிய செர்கேய் கொரலேவின் பெயர் அவர் 1966 ஜனவரியில் சாகும்வரை ரகசியம். உலகமே கொண்டாடிய சாதனைகளுக்குச் சொந்தக்காரர் பெயரே இல்லாமல் வாழ்ந்தார். அவருக்குப் பிறகு என்1 என்ற அவர்களுடைய நிலா ராக்கெட் 1969-க்கும் 1972-க்கும் இடையில் நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது. தோற்றவர்கள் எப்படி உழைத்தார்கள் என்று படிப்பதில் ஒரு பாடம் இருக்கிறது, வெற்றிக் கதைகளில் அது கிடைக்காது.

ஆயிரம் பக்கம் வேண்டாமென்றால் 'டூ சைட்ஸ் ஆஃப் தி மூன்' (2004). அப்போலோ 15-இன் டேவிட் ஸ்காட்டும் அலெக்சேய் லியோனவும் மாறி மாறி எழுதியது. 1965 மார்ச் 18 அன்று மனிதரில் முதல் ஆளாக லியோனவ் விண்கலத்துக்கு வெளியே மிதக்கிறார், சுமார் 12 நிமிஷம். திரும்பினால் உடை ஊதிப் பெருத்து உள்ளே நுழைய முடியவில்லை. யாரையும் கேட்காமல் வால்வைத் திறந்து உடையின் காற்றை இறக்கி, தலையை முன்னால் விட்டு நுழைந்தார். அதோடு முடியவில்லை, பூமியில் இறங்கியதும் பனிக்காட்டில் இரண்டு இரவு. அவர் சொல்லக் கேட்டால்தான் அதன் சூடு தெரியும்.

திசைமானி:

கேள்விக்கணை சொல்வது முழுக்க சரி. 'சேலஞ்ச் டு அப்போலோ' இல்லாமல் இந்தப் பட்டியல் நொண்டும். அதே போல நாசாவின் பழைய வரலாற்று நூல்கள் பலவும் இலவசம்தான். 'சேரியட்ஸ் ஃபார் அப்போலோ' (1979) அப்போலோ கலங்கள் உருவான கதை. நடை வறட்சியாகத்தான் இருக்கும், ஒரு முடிவுக்குப் பின்னால் எத்தனை கூட்டம், எத்தனை சண்டை என்று பார்க்க அது வேண்டும்.

ஆழிமழை:

தமிழில் படிக்க ஒன்றும் இல்லையா?

ஈர்ப்பு:

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' தமிழில் இருக்கிறது. பலரும் அதைத் தன்னம்பிக்கை நூலாகவே படித்து வைத்துவிட்டார்கள். எஸ்எல்வி-3 ராக்கெட் பற்றிய பகுதியை மட்டும் எடுத்து, ஓர் என்ஜினியரின் குறிப்பேடாக நினைத்துப் படித்துப் பாருங்கள். 1979 ஆகஸ்ட் 10 தோல்வி, 1980 ஜூலை 18 வெற்றி, நடுவில் ஒரு வால்வில் என்ன நடந்தது என்று துருவிய கதை. 'ஸ்பைடர்' எபிசோடின் வாசனை அப்படியே வரும். ஆங்கிலத்தில் படிப்பீர்கள் என்றால் ஆர். அரவமுதனும் கீதா அரவமுதனும் எழுதிய 'இஸ்ரோ: எ பர்சனல் ஹிஸ்டரி' (2017). தும்பாவில் தேவாலயக் கட்டடத்தை அலுவலகமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்த முதல் குழுவில் ஒருவர் ஆர். அரவமுதன்.

வால்வெள்ளி:

கற்பனைக் கதைகளை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டுமா? 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' என்றே இன்னொரு தொடர் இருக்கிறது, 2019-இல் ஆரம்பித்தது. மேலே சொன்ன ஆவணப்படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிலாவில் முதலில் சோவியத் இறங்கிவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனை. முதலில் காலடி வைப்பவர் யார் தெரியுமா, கேள்விக்கணையின் லியோனவ்! அவர் புத்தகத்தைப் படித்த கையோடு இதைப் பாருங்கள், அந்தக் காட்சி வேறு மாதிரி தைக்கும்.

செம்மண்கோள்:

நான் 'தி எக்ஸ்பான்ஸ்' கட்சி. ஆறு பருவம், 2015 முதல் 2022 வரை. ஒன்பது நாவல்களும் இருக்கின்றன. முழுநிலா சண்டை வேண்டாம் என்றார், இதில் சண்டை உண்டு. ஆனால் பௌதிகத்தை மதிக்கும் சண்டை. கலம் பாதி தூரம் வரை என்ஜினை எரித்து வேகமெடுக்கும், நடுவழியில் வாலை முன்னால் திருப்பி மீதிப் பாதி முழுக்க வேகத்தைக் குறைக்கும். என்ஜின் எரியும்போது மட்டும் கால் தரையில் நிற்கும், அணைத்தால் மிதப்பார்கள். தண்ணீரும் காற்றும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அரசியலே. இரண்டு மூன்று எபிசோட் பொறுத்துக்கொண்டால் போதும்.

திசைமானி:

இரண்டும் நல்ல தொடர்கள், மறுக்கவில்லை. எப்போது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. அப்போலோவின் நிஜ ஒலி காதில் இன்னும் இருக்கும்போது கற்பனைக்குள் போனால் நிஜம் சீக்கிரம் வெளுத்துப்போகும். நிஜத்தில் யாரும் அழகான வசனம் பேசுவதில்லை. எண்களைப் படிப்பார்கள், திரும்பப் படித்துச் சரிபார்ப்பார்கள். அந்த வறட்சிக்குக் காது பழகி, அதில் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகு எந்தக் கற்பனையும் உங்களை ஒன்றும் செய்யாது.

அப்போலோ போதும், வேறு எங்காவது போகலாம் என்று தோன்றினால் வாயேஜருக்கு வாருங்கள். 'தி ஃபார்தெஸ்ட்' (2017) எல்லோரும் சொல்லும் படம், அழகான படம். அதோடு நிறுத்தாமல் "இட்'ஸ் குவைட்டர் இன் தி ட்வைலைட்" (2022) பாருங்கள். இன்றும் அந்த இரண்டு கலங்களையும் இயக்கிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு குழுவைப் பற்றியது. ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் நகராதவர்கள். ஒவ்வொரு வருஷமும் மின்சக்தி குறைகிறது, எந்தக் கருவியை அணைப்பது, எந்த ஹீட்டரை அணைப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் இவர்கள்.

படம் வந்த பிறகு நடந்ததையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் வாயேஜர் 1 அர்த்தமில்லாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. ஒரு கட்டளை அனுப்பிப் பதில் வர ஏறத்தாழ இரண்டு நாள். அப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரே ஒரு நினைவகச் சிப் செத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாற்ற முடியாது, கலம் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். பாதிக்கப்பட்ட நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தில் காலியிடம் கிடைத்த மூலைகளில் எல்லாம் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளைத் திருத்தி அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. 1970-களின் கணினியை இன்றைய மனிதர்கள் பழுது பார்த்த கதை. இதற்கு யாராவது 'மூன் மெஷின்ஸ்' போல ஒரு தொடர் எடுத்தால் முதல் ஆளாக உட்காருவேன்.

கேள்விக்கணை:

அந்த இரண்டு நாள் காத்திருப்பை நினைத்தால் எனக்கே பதறுகிறது. இந்தப் படத்தைக் குறித்துக்கொண்டேன்.

முழுநிலா:

எல்லோருக்கும் நன்றி. காலின்ஸ் புத்தகமும் '13 மினிட்ஸ்' பாட்காஸ்டும் ஒன்றாக ஆரம்பித்தாயிற்று, பகலில் காது, இரவில் கண். பிறகு 'மூன் மெஷின்ஸ்', அப்புறம் லியோனவ். கற்பனைத் தொடர்களைத் திசைமானி அண்ணா சொன்னபடி கடைசிக்குத் தள்ளிவிட்டேன். வால்வெள்ளியும் செம்மண்கோளும் கோபித்துக்கொள்ள வேண்டாம், கண்டிப்பாக வருவேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. 10-ஆவது எபிசோடுக்கு, அந்தக் கல் எபிசோடுக்கு, யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!

திசைமானி:

சொல்லாமல் விடுவேனா! இணையத்தில் 'அப்போலோ லூனார் சர்ஃபேஸ் ஜர்னல்' இருக்கிறது. எரிக் ஜோன்ஸ் தொடங்கிய வேலை. நிலாவில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எழுத்தில், நடுநடுவே வீரர்களே பிற்பாடு உட்கார்ந்து கேட்டுச் சொன்ன விளக்கங்களோடு. அப்போலோ 15-ஐத் திறந்து பாருங்கள்.

1971 ஜூலை 31, முதல் நாள் வெளியுலா. ஸ்காட்டும் கூடப் போன இர்வினும் ரோவரில் கலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் இல்லை, வழியில் எங்கும் நிற்காதீர்கள் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கும் கட்டம். ஸ்காட்டின் கண்ணில் குமிழ்க்குமிழாய் ஓட்டை விழுந்த ஒரு கறுப்பு எரிமலைப் பாறை படுகிறது. கேட்டால் வேண்டாம் என்பார்கள். அதனால் சீட் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்திவிடுகிறார். இர்வினுக்குச் சட்டென்று விஷயம் புரிந்து, சுற்றிலும் உள்ள சின்னப் பள்ளங்களை வர்ணித்துப் பேச்சை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். அதற்குள் ஸ்காட் இறங்கிக் கல்லைப் படமெடுத்து, பொறுக்கிக்கொண்டு ஏறிவிடுகிறார். கிட்டத்தட்ட ஒரு கிலோ. மாதிரி எண் 15016. 'சீட்பெல்ட் பசால்ட்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் 10-ஆவது எபிசோடின் பேராசிரியர் லீ சில்வர் மலை மலையாகக் கூட்டிப்போய்க் கொடுத்த பயிற்சி எங்கே போய் ஒட்டியது என்று பாருங்கள்.

முதலில் எழுத்தை மட்டும் படியுங்கள். அப்புறம் ஸ்காட்டின் விளக்கத்தைப் படித்துவிட்டு, அதே இடத்தின் ஒலிப்பதிவைப் போட்டு இர்வின் குரலை மட்டும் கவனியுங்கள். ஜெனிசிஸ் ராக், அந்த 400 கோடி வருஷத்துக்கு மேற்பட்ட வெள்ளைக் கல், மறுநாள் உலாவில் ஸ்பர் பள்ளத்தருகே வரும். அதையும் இதே முறையில் படியுங்கள். நிலவியல் பிடித்துப்போனால் டான் வில்ஹெல்ம்ஸின் 'டு எ ராக்கி மூன்' (1993) இருக்கிறது. வீரர்களுக்கு எங்கே இறங்க வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும் என்று சண்டை போட்ட நிலவியலாளர்களில் ஒருவர் எழுதியது.